பொட்டலமா, மருத்துவரா, நோயாளியா? ஆன்டிபயாடிக்கைப் பின்தொடர எந்த எண் வேண்டும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் ஒரு மாதமாகப் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம், சளி, சிறுநீர், குழாய் நுனி என்று அவரிடமிருந்து மட்டும் ஒன்பது மாதிரிகள் கல்ச்சர் பரிசோதனைக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குப் போகின்றன. ஒன்பதிலும் வளர்வது அதே கிளெப்சியெல்லா கிருமி. ஒன்பதுக்கும் மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் பலிக்காது என்றே முடிவு வருகிறது. அதே மாதம் வேறு பதினொரு நோயாளிகளிடமும் கிளெப்சியெல்லா கிடைக்கிறது. ஆளுக்கு ஒரு மாதிரி. அவற்றில் இரண்டு மட்டுமே மெரோபெனத்துக்கு அடங்காதவை. மாதக் கடைசியில் ஆய்வகக் கணினி கூட்டிச் சொல்கிறது: 20 மாதிரிகளில் 11, அதாவது 55 சதவீதம் மருந்து எதிர்ப்பு. மாதிரிகளை விட்டுவிட்டு ஆட்களை எண்ணிப் பாருங்கள். 12 பேரில் 3 பேர், 25 சதவீதம்.

கணினி பொய் சொல்லவில்லை. ஆனால் 55 என்ற எண்ணைப் படிக்கும் மருத்துவர் அடுத்த நோயாளிக்கு மெரோபெனத்தை நம்பமாட்டார். கொலிஸ்டின் போன்ற கடைசிக் கையிருப்பை எடுப்பார். அந்தக் கையிருப்பும் அப்படித்தான் கரைகிறது. ஒரு நோயாளியிடமிருந்து ஒரு கிருமிக்கு, கணக்கெடுக்கும் காலத்துக்குள் முதல் மாதிரியை மட்டுமே எண்ண வேண்டும் என்று ஆய்வகத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பு வெளியிடும் எம்39 வழிகாட்டி சொல்வது இதற்காகத்தான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பும் ஒரே நோயாளியின் மறுபதிவுகளை நீக்கச் சொல்கிறது. ஆய்வகங்கள் இலவசமாகப் பயன்படுத்தும் ஹூநெட் மென்பொருள் இந்த வடிகட்டலை நொடியில் செய்துவிடும். அதற்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும்: இந்த ஒன்பது மாதிரிகளும் ஒரே ஆளுடையவை என்பது. ஒவ்வொரு வருகைக்கும் புதுச் சீட்டு, புது எண் என்று கொடுக்கும் இடத்தில் ஒரே ஆள் ஒன்பது பேராகிவிடுகிறார். மென்பொருள் என்ன செய்யும், பாவம்.

ஆன்டிபயாடிக் பயன்பாட்டையும் மருந்து எதிர்ப்பையும் கண்காணிக்க டிஜிட்டல் அடையாளம் வேண்டுமா என்று கேட்டால் என் பதில் 'வேண்டும்'. ஆனால் அந்தப் பதிலோடு பேச்சு முடிவதில்லை. யாருடைய அடையாளம் என்பதுதான் அடுத்த கேள்வி, அங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரு சுகாதாரத் துறையோ மருத்துவமனைக் குழுமமோ இந்த வேலையில் இறங்கியதும் முதல் கூட்டத்திலேயே 'எந்த அட்டையை இணைப்பது' என்ற பேச்சு வந்துவிடுகிறது. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு மருந்து போகிறது, யார் எழுதுகிறார்கள், வாங்கிச் சாப்பிட்டவருக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்பவை மூன்று வெவ்வேறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு எண் போதும்.

பொட்டலத்துக்கு எண்

மிக எளிய வழி இது. ஆளைப் பற்றிய பேச்சே இல்லை. விற்ற மருந்தை எடைபோட்டு, அதை 'வரையறுத்த தினசரி அளவு' என்ற அலகுக்கு மாற்றி, 1000 பேருக்கு ஒரு நாளில் எத்தனை என்று சொல்வார்கள். அமாக்சிசிலின் மாத்திரை வடிவில் 1.5 கிராம் ஒரு தினசரி அளவு, அசித்ரோமைசினுக்கு 0.3 கிராம். ஆஸ்லோவில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையம் இந்தப் பட்டியலைப் பராமரிக்கிறது. நாட்டோடு நாட்டை, ஆண்டோடு ஆண்டை ஒப்பிட இதைவிட வசதியான கோல் கிடையாது. வளர்ந்தவரின் அளவை வைத்துச் செய்த கோல் என்பதால் குழந்தைகள் பிரிவில் இது தடுமாறும். எடைக்கேற்பக் கால் பங்கு மருந்து வாங்கும் குழந்தை, கணக்கில் கால் ஆளாகத்தான் தெரியும்.

பொட்டலத்துக்குத் தனி எண் கொடுப்பது இதன் அடுத்த படி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி 9 முதல் பெரும்பாலான மருந்துச்சீட்டு மருந்துகளின் ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனி வரிசை எண் கொண்ட இருபரிமாணப் பார்கோடு இருக்கிறது. போலி மருந்தைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. ஆனால் கடைக்காரர் ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேன் செய்து 'விற்றாயிற்று' என்று பதியும் வழக்கம் ஓர் ஊரில் வந்துவிட்டால், எந்த ஆன்டிபயாடிக் எந்தப் பகுதியில் எப்போது போகிறது என்பது தானாகவே தெரிய ஆரம்பிக்கும்.

இந்த வழியை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நானும் ஒருகாலத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். இப்போது எண்ணம் மாறிவிட்டது. மருந்துச் சீட்டே இல்லாமல் விற்கிற ஆன்டிபயாடிக் கண்ணில் படுவது இந்த ஒரு வழியில் மட்டும்தான். மருத்துவரின் எண்ணும் நோயாளியின் எண்ணும் சீட்டு எழுதப்பட்டால்தான் பதிவாகும். பொட்டலம் எப்படிப் போனாலும் பொட்டலம்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை 'அணுக்கம்' (முதலில் எடுக்க வேண்டியவை), 'கவனிப்பு' (கவனமாக எடுக்க வேண்டியவை), 'இருப்பு' (கடைசிக் கையிருப்பு) என்று மூன்று குழுக்களாகப் பிரித்தது. மனிதர்களுக்குப் பயன்படும் ஆன்டிபயாடிக்கில் 70 சதவீதமாவது முதல் குழுவைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபைப் பிரகடனம் இலக்கு வைத்தது. அந்த இலக்கை எட்டினோமா என்று பார்க்க ஒரே ஒரு நோயாளியின் பெயர்கூட வேண்டாம். பொட்டலக் கணக்கு போதும்.

அதே பிரகடனத்தின் இன்னொரு இலக்கு அப்படியல்ல. 2019இல் பாக்டீரியா மருந்து எதிர்ப்போடு தொடர்புடைய மரணங்கள் 49.5 லட்சம் என்று கணக்கிட்டார்கள். அதை 2030க்குள் 10 சதவீதம் குறைக்க வேண்டும். ஆய்வக முடிவையும் மரணப் பதிவையும் ஒரே ஆளின்மேல் பொருத்தாமல் இந்தக் கணக்கை நேரடியாகப் போட வழியில்லை. மதிப்பீட்டில்தான் காலம் தள்ள வேண்டும். கல்லாவைத் தாண்டியதும் பொட்டலத்தின் எண்ணுக்குக் கண் அவிந்துவிடும். யார் சாப்பிட்டார், எதற்குச் சாப்பிட்டார், பாதியில் நிறுத்தினாரா என்று அதற்குத் தெரியாது.

எழுதுபவருக்கு எண்

இந்தத் தேர்வின்மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் ஒரு கடிதம்.

2014இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அலுவலர் சாலி டேவிஸ் பெயரில் சில பொது மருத்துவர்களுக்குக் கடிதம் போயிற்று. தங்கள் பகுதியில் அதிகம் ஆன்டிபயாடிக் எழுதும் 20 சதவீதத்தில் இருந்த 1,581 மருத்துவ நிலையங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் அனுப்பினார்கள். உங்கள் பகுதியில் 80 சதவீத நிலையங்கள் உங்களைவிடக் குறைவாக எழுதுகின்றன என்பதுதான் கடிதத்தின் சாரம். மிரட்டலும் இல்லை, அபராதமும் இல்லை. ஆறு மாதத்தில் கடிதம் கிடைத்த நிலையங்களின் மருந்து எழுதும் வீதம் மற்றவர்களோடு ஒப்பிடும்போது 3.3 சதவீதம் குறைந்தது. எண்ணிக்கையில் அது சுமார் 73,000 ஆன்டிபயாடிக் குறைவு. முடிவுகள் 2016இல் லான்செட் இதழில் வந்தன. அதே ஆய்வில் நோயாளிகளை நோக்கித் துண்டறிக்கையும் சுவரொட்டியும் வைத்துப் பார்த்தார்கள். அதனால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் வரவில்லை.

இதற்குத் தேவைப்பட்ட அடையாளம் என்ன? மருத்துவ நிலையத்தின் எண், அவ்வளவுதான். எந்த நோயாளியின் பெயரையும் யாரும் தொடவில்லை. மருந்து எழுதுவது தொழில்முறைச் செயல். அதற்கு உரிமம் பெற்ற ஒருவர் பொறுப்பு. அவருடைய எண்ணைப் பதிவு செய்வதில் அந்தரங்கச் சிக்கல் அநேகமாக இல்லை. கண்காணிக்க வேண்டியது நோயாளியை அல்ல, பேனாவை என்ற எளிய நியாயமும் இதில் இருக்கிறது.

குறையும் உண்டு. பரபரப்பான புறநோயாளர் பிரிவில் காலையில் மூத்த மருத்துவர் தன் பெயரில் கணினியைத் திறந்துவிட்டு வார்டுக்குப் போய்விடுவார். மாலைவரை நான்கு பேர் அதே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து எழுதுவார்கள். அத்தனையும் அவர் கணக்கில் ஏறும். இது எங்கோ ஒரு மூலையில் நடக்கும் விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். கடவுச்சொல்லை மறுபடி தட்டுவதற்கு 20 விநாடி ஆகும் என்றால், வரிசையில் 60 பேர் நிற்கும்போது யாரும் தட்டமாட்டார்கள். அட்டையைத் தொட்டால் ஆள் மாறும் ஏற்பாடு செய்யாமல் மருத்துவர்வாரியாக ஒப்பீடு வெளியிடுவது அநியாயம். அப்படி வெளியிடப்பட்ட ஒரு பட்டியலில், விடுப்பில் இருந்த மருத்துவர் முதலிடம் பிடித்ததைப் பார்த்தபோது சிரிக்கத்தான் தோன்றியது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நோயாளிகளின் தன்மையும் கணக்கில் வர வேண்டும். புற்றுநோய்ப் பிரிவில் இருப்பவர் அதிகம் எழுதத்தான் செய்வார். ஆகவே நோயறிதல் குறியீடு கூடவே வேண்டும். அந்தக் குறியீட்டுக்குத் தண்டனையைக் கட்டிவிட்டால் அடுத்த மாதமே சளிக் காய்ச்சல் எல்லாம் நிமோனியாவாகப் பதவி உயர்வு பெறும் அபாயம் இருக்கிறது. மேற்சொன்ன கடிதத்தில் தண்டனை இல்லாதது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

நோயாளிக்கு எண்: தேசிய அடையாளத்தையே எடுத்துக்கொண்டால்

பொட்டலமும் பேனாவும் சொல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. இன்று ஒருவர் சாப்பிடும் மாத்திரை, நாளை அவர் உடம்பில் எந்தக் கிருமியை விட்டுவைக்கிறது?

2010இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த காஸ்டெலோ குழுவின் தொகுப்பாய்வு இதைத் தனிமனித அளவில் பார்த்தது. சிறுநீர்த் தொற்றுக் கிருமிகளை எடுத்துக்கொண்டால், ஆன்டிபயாடிக் வாங்கியவரிடம் மருந்துக்கு அடங்காத கிருமி இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் (1 என்றால் இருவருக்கும் சமம்), வாங்காதவரோடு ஒப்பிட 2 மாதத்துக்குள் 2.5, 12 மாதக் கணக்கில் 1.33. மருத்துவர் கையில் இருக்க வேண்டிய தகவல் இது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஆறு வாரம் முன்பு வேறு ஒரு மருத்துவரிடம் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கினாரா? வாங்கியிருந்தால் இன்று அதே மருந்தை எழுதுவது வீண். நோயாளியிடம் கேட்டால் 'ஒரு வெள்ளை மாத்திரை, நீளமாக இருந்தது' என்பார். எந்த ஆன்டிபயாடிக்தான் வெள்ளையாக, நீளமாக இல்லை?

இதைச் சாதித்துக் காட்டிய நாடுகள் இருக்கின்றன. டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண். அதை வைத்து 2010 முதல் நாடு முழுவதன் நுண்ணுயிரியல் ஆய்வக முடிவுகளும் ஒரே தரவுத்தளத்தில் சேர்கின்றன. எஸ்தோனியாவில் 2010 முதல் மின்மருந்துச் சீட்டு. நோயாளி அடையாள அட்டையைக் காட்டினால் எந்த மருந்துக் கடையிலும் மருந்து கிடைக்கும். சுவீடனில் 2005 ஜூலை முதல் கடையில் வாங்கும் ஒவ்வொரு சீட்டு மருந்தும் ஆள்வாரியாகத் தேசியப் பதிவேட்டில் ஏறுகிறது.

இந்த மூன்றையும் காட்டி 'பார்த்தீர்களா, எண் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்பவர்களிடம் சுவீடனின் ஆண்டுக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கச் சொல்வேன். அங்கே ஆன்டிபயாடிக் பயன்பாட்டைச் சீராக்க மருத்துவர்களும் நுண்ணுயிரியலாளர்களும் சேர்ந்து 'ஸ்ட்ராமா' என்ற அமைப்பைத் தொடங்கியது 1995இல். மருத்துவமனைக்கு வெளியே ஆன்டிபயாடிக் பயன்பாடு 1995க்கும் 2004க்கும் இடையில் 1000 பேருக்கு ஒரு நாளில் 15.7 தினசரி அளவு என்பதிலிருந்து 12.6 ஆகக் குறைந்தது. ஆள்வாரிப் பதிவேடு வந்தது அதற்குப் பிறகு. சரிவு நிகழ்ந்த பத்தாண்டில் அவர்கள் கையில் இருந்தது விற்பனைக் கணக்கும், பேனாக்காரர்களோடு உட்கார்ந்து பேசும் வழக்கமும்தான். சுவீடனின் தனிநபர் எண்ணோ 1947லிருந்தே இருக்கிறது. எண் இருந்தபோதே பயன்பாடு ஏறியும் இருக்கிறது. எண் பதிவேட்டைச் சாத்தியமாக்கியது. பயன்பாட்டைக் குறைத்தது எண் அல்ல.

இனி ஆபத்துகள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஒருவரின் ஆன்டிபயாடிக் பட்டியல் என்பது மருந்துப் பட்டியல் மட்டுமல்ல. ரிஃபாம்பிசினும் ஐசோனியசிட்டும் சேர்ந்து இருந்தால் காசநோய் என்று மருந்து தெரிந்த எவரும் சொல்லிவிடுவார்கள். பென்சத்தின் பென்சிலின் ஊசி மூன்று வாரம் தொடர்ந்து போடப்பட்டிருந்தால் சிபிலிஸ் நினைவுக்கு வரும். நோயின் பெயரை ஒளித்துவிட்டு மருந்தின் பெயரை மட்டும் வைத்திருக்கிறோம் என்பது ஊரை ஏமாற்றும் பேச்சு. 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமக் கணினிகளில் ஊடுருவியவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பெயர், முகவரி, பிறந்த தேதியோடு தேசிய அடையாள எண்ணும் அதில் இருந்தது. சுமார் 1,60,000 பேருக்குப் புறநோயாளர் பிரிவில் கொடுத்த மருந்துகளின் விவரமும் போயிற்று. கடன் அட்டை எண் களவு போனால் வங்கி வேறு எண் கொடுக்கும். பிறந்ததிலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் தேசிய எண்ணை எந்தக் கவுன்டரில் போய் மாற்றுவது?

இரண்டாவது ஆபத்து சத்தமில்லாதது. பதிவுக்கான எண், நாளடைவில் வாசல் கதவாகிவிடும். 'எண் இல்லாமல் மென்பொருள் அடுத்த பக்கத்துக்குப் போக மறுக்கிறது' என்று மருந்தாளுநர் கை விரிப்பார். எண் இல்லாதவர்கள் யார்? இடம்பெயர்ந்த தொழிலாளர், ஆவணம் தொலைத்தவர், அகதி, வீடற்றவர். கைரேகை என்றால் கல்லிலும் மண்ணிலும் உழைத்து விரல் தேய்ந்தவர்களும் முதியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஓடிபி என்றால் வீட்டுக்கு ஒரு கைபேசி. அதுவும் வேலைக்குப் போனவர் பையில். ரத்தத்தில் தொற்று பரவிய ஒருவருக்கு ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் உயிர்க் கணக்கு. திருப்பி அனுப்பப்பட்டவர் மருந்தில்லாமல் வீட்டுக்குப் போகமாட்டார். எதுவும் கேட்காத கடைக்குப் போவார். ஆக, கண்காணிப்பு எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் அது குருடாகும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை.

தனிச் சுகாதார எண்

தேசிய எண்ணை விட்டுவிட்டு மருத்துவத்துக்கு மட்டும் ஓர் எண் என்பது நடுவழி. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவை தரும் என்.எச்.எஸ். எண் பத்து இலக்கம். இந்தியாவின் ஆபா எண் பதினான்கு. வங்கிக் கணக்கோடும் வரிக் கோப்போடும் நேரடியாகச் சேராது என்பது பெரிய ஆறுதல். கசிந்தால் மாற்றிக் கொடுப்பதும் ஒப்பீட்டளவில் சுலபம். ஒருவருக்கே இரண்டு மூன்று எண்கள் முளைப்பதுதான் இதன் தீராத நோய். அட்டையை வீட்டில் மறந்து வந்தவருக்குப் புது எண் போட்டுக்கொடுப்பது பழையதைத் தேடுவதைவிட எளிது என்று இருக்கும்வரை அது முளைத்துக்கொண்டுதான் இருக்கும்.

என்.எச்.எஸ். எண்ணில் எனக்குப் பிடித்த ஒன்று அதன் கடைசி இலக்கம். முதல் ஒன்பது இலக்கங்களையும் 10, 9, 8 என்று இறங்கு வரிசையில் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து வரும் மீதியிலிருந்து அந்தப் பத்தாவது இலக்கம் பிறக்கிறது. ஒரு இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கணக்கு உதைக்கும். திரை உடனே சிவக்கும். இரவுப் பணியில் தூக்கக் கலக்கத்தோடு எண்ணைத் தட்டும் ஆய்வக ஊழியருக்கு இதைவிட நல்ல துணை இல்லை. பல மருத்துவமனைகளின் சொந்தப் பதிவெண்ணில் இந்தச் சோதனை இலக்கம் கிடையாது. சேர்ப்பதற்கும் பெரிய செலவில்லை.

முகமூடி எண்

கண்காணிப்பவருக்கு ஆள் யார் என்று தெரியத் தேவையில்லை. இவர் போன மாதம் வந்த அதே ஆள் என்று தெரிந்தால் போதும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் முகமூடி எண் புரிந்துவிடும். அசல் எண்ணை 'ஹேஷ்' என்ற ஒருவழிக் கணக்கில் போட்டு, திரும்பப் பிரிக்க முடியாத எழுத்துக் கோவையாக மாற்றி, அதைத்தான் மத்தியப் பதிவேட்டுக்கு அனுப்புவது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'ஹேஷ் செய்துவிட்டோம், இனி பாதுகாப்பு' என்று மென்பொருள் விற்பவர் சொல்வார். பன்னிரண்டு இலக்க எண் என்றால் மொத்தம் ஒரு லட்சம் கோடி சாத்தியங்கள். பெரிதாகத் தெரிகிறதல்லவா? விநாடிக்கு நூறு கோடி ஹேஷ் போடும் சாதாரண வரைகலை அட்டைக்கு அது ஆயிரம் விநாடி வேலை. பதினேழு நிமிடத்துக்குள் எல்லா எண்களுக்கும் பட்டியல் தயார்; அதன் பிறகு தேடிப் பார்ப்பது மட்டும்தான். 2014இல் நியூயார்க் டாக்சிப் பயணத் தரவை இப்படி வெறும் ஹேஷ் போட்டு வெளியிட்டார்கள். வண்டி எண்கள் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டன. ஆகவே ரகசியச் சாவி சேர்த்த ஹேஷ் வேண்டும். அந்தச் சாவி பதிவேட்டை நடத்தும் அமைப்பிடம் இருக்கக் கூடாது. வேறு கட்டடம், வேறு அதிகாரம், வேறு தணிக்கை.

சாவி பத்திரமாக இருந்தாலும் கூட வரும் விவரங்கள் காட்டிக்கொடுக்கும். அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றை மட்டும் வைத்துத் தனித்துக் காட்டிவிடலாம் என்று கணினி ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 2000இல் கணக்கிட்டுக் காட்டினார். பிறந்த தேதிக்குப் பதில் பிறந்த ஆண்டு, அஞ்சல் குறியீட்டுக்குப் பதில் மாவட்டம் என்று மழுக்கினால் எதிர்ப்புக் கணக்குக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

முகமூடிக்கும் விலை உண்டு. ஆறு வாரம் முன்பு சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கினாரா என்ற அந்த மருத்துவரின் கேள்விக்கு இது பதில் சொல்லாது. முகமூடி எண் கூட்டத்தைப் பார்க்கப் பயன்படும், ஆளைக் குணப்படுத்த உதவாது. ஒரு வார்டில் புதுவகைக் கிருமி பரவும்போது முகமூடியைக் கழற்றியே ஆக வேண்டும். சாவி வைத்திருப்பவர் எழுத்து மூலம், காரணம் பதிந்து கழற்றும் வழி முன்கூட்டியே இருக்க வேண்டும். இன்னொரு நுட்பமான சிக்கல்: அசல் எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் ஹேஷ் முற்றிலும் வேறாகிவிடும்; பிறகு யாராலும் திருத்த முடியாது. சோதனை இலக்கம் இல்லாத எண்ணுக்கு முகமூடி போடுவது பிழையைக் கல்லில் செதுக்கி வைப்பதற்குச் சமம்.

இவை எல்லாவற்றுக்கும் வெளியே நிற்பது கால்நடை. பண்ணைக்குள் போகும் ஆன்டிபயாடிக் எந்த மனிதனின் எண்ணிலும் பதிவாகாது. டென்மார்க் 2000 முதல் 'வெட்ஸ்டாட்' பதிவேட்டில் கால்நடை மருத்துவர் எழுதும் மருந்தைப் பண்ணையின் எண்ணோடு பதிகிறது. 2010 முதல் வரம்பு மீறும் பன்றிப் பண்ணைகளுக்கு மஞ்சள் அட்டை காட்டுகிறது. பொட்டலத்தையும் பேனாவையும் பண்ணையையும் சேர்த்த அந்த ஏற்பாட்டில் அந்தரங்கத் தகராறுக்கு இடமே இல்லை. மனித மருத்துவம் அங்கிருந்து பாடம் படிக்கலாம்.

நான் தேர்வு செய்வதாக இருந்தால்

சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் தாராளமாக விற்கும் இடம் என்றால், நோயாளி எண்ணைப் பற்றிய கூட்டத்தையே இரண்டு ஆண்டு தள்ளிப்போடுவேன். பொட்டலக் கணக்கை முதலில் நிமிர்த்துவேன். கூடவே ஒவ்வொரு மருத்துவமனைக்குள்ளும் ஆய்வகமும் வார்டும் ஒரே நோயாளி எண்ணைப் பயன்படுத்துகின்றனவா என்று பார்ப்பேன். தேசிய அட்டைக்கு அலைபவர்கள் தங்கள் மருத்துவமனையிலேயே இருக்கும் பதிவெண்ணைக் கல்ச்சர் குப்பியில் ஒட்டுவதில்லை. முதலில் பார்த்த 55ஐ 25 ஆக்குவதற்கு அந்த உள்ளூர் எண்ணே போதும்.

மின்மருந்துச் சீட்டு ஏற்கெனவே ஓடும் இடத்தில் மருத்துவரின் எண்ணைக் கையில் எடுப்பேன். காலாண்டுக்கு ஒரு கடிதம், தண்டனையில்லாமல். எல்லோருக்கும் ஏற்கெனவே ஓர் எண் இருந்து, மக்கள் அதை அச்சமின்றிப் பயன்படுத்தும் இடத்தில் மட்டும் ஆள்வாரி இணைப்புக்குப் போவேன். அதையும் இரண்டு அடுக்காக: சிகிச்சை செய்யும் மருத்துவர் பார்க்கும் பதிவில் சுகாதார எண், மத்தியக் கண்காணிப்பில் முகமூடி எண். தேசிய எண் எந்த அடுக்கிலும் வெளிப்படையாக நிற்காது. எந்த எண்ணும் மருந்து வாங்குவதற்கான நிபந்தனையாகவும் இருக்காது.

மென்பொருளை விற்க வருபவரிடம் அழகான வரைபடங்களைக் காட்டச் சொல்லமாட்டேன். ஒரே ஒரு காட்சியை நடத்திக் காட்டச் சொல்வேன். குழந்தை பிறந்து ஆறு மணி நேரம். பெயர் வைக்கவில்லை, எண் இல்லை. உடல் சூடு குறைகிறது, பால் குடிக்கவில்லை. ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பி, ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் தொடங்க வேண்டும். இரவு இரண்டு மணி. செவிலியர் திரைமுன் உட்கார்ந்திருக்கிறார், நோயாளி எண் கேட்டுக் கட்டம் காலியாகக் கண் சிமிட்டுகிறது. அம்மாவின் எண்ணைப் போட்டால் குழந்தையின் மருந்தும் கிருமியும் அம்மாவின் வரலாற்றில் ஏறிவிடும். எதையும் போடாவிட்டால் பக்கம் நகராது. பொறுமை இழந்து 9999999999 என்று தட்டினால், அந்த ஆண்டு எண் இல்லாமல் வந்த அத்தனை பேரும் அந்த ஒரே எண்ணுக்குள் அடைபட்டு ஒரே நோயாளியாகிவிடுவார்கள். அந்த இரவில் மென்பொருள் தானே ஒரு தற்காலிக எண்ணைக் கொடுக்கிறதா, நான்கு நாள் கழித்து அசல் எண் வந்ததும் கல்ச்சர் முடிவையும் இரண்டு மருந்துகளையும் ஒரு சொடுக்கில் அதனோடு சேர்க்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலைப்புள்ளியைப் பிரிப்பேன்.